இரவு வேட்டைக்கு ஸ்கோப் வாங்குவது எப்படி: தென்னாப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்கும் தமிழர்களுக்கு

குவாசூலு-நட்டால் வடகடற்கரையில் டொங்காட், ஸ்டேங்கர், டார்னால் பக்கம் கரும்பு பயிரிடுபவர்களுக்கும், அந்தத் தோட்டங்களில் மேலாளராகவோ பங்காளியாகவோ புதிதாக வந்து சேர்ந்த நம்மவர்களுக்கும் இரவில் இறங்கும் புஷ்பிக் எனப்படும் காட்டுப்பன்றி தீராத தொல்லை. அதற்காக நைட் விஷன் (இருட்டில் பார்க்க உதவும்) அல்லது தெர்மல் (உடல் வெப்பத்தைக் காட்டும்) ஸ்கோப், அதாவது துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் கருவி, வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் கடைக்காரர் ஒன்று சொல்வார், பழைய வேட்டைக்காரர் இன்னொன்று சொல்வார், காவல் நிலையத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பீர்கள். நானும் அப்படி அலைந்து, கேட்டதையெல்லாம் சட்டத்தோடும் கருவிகளின் தொழில்நுட்ப விவரங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, எந்த வரிசையில் போனால் பணமும் காலமும் வீணாகாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்த வரிசையில் ஸ்கோப் வாங்குவது நடுவில்தான் வருகிறது. அதை முதலிலேயே வாங்கிவிட்டு, பொருத்தத் துப்பாக்கியோ சுட அனுமதியோ இல்லாமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் குறைவானவர்கள் அல்லர்.

1. துப்பாக்கி யார் பெயரில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஸ்கோப்புக்கென்று தனி உரிமம் கிடையாது, உரிமம் துப்பாக்கிக்குத்தான். அந்த உரிமத்தை 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆள்கிறது. அதன்படி தகுதிச் சான்றிதழ் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதோடு, குடிமகனாகவோ நிரந்தர வதிவிட அனுமதி உடையவராகவோ இருக்க வேண்டும். வேலை விசாவில் வந்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். எத்தனை ஆண்டு இங்கே வேலை செய்திருந்தாலும், எவ்வளவு பெரிய தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாலும், வேலை விசாவை வைத்துக்கொண்டு சொந்தப் பெயரில் துப்பாக்கி வாங்க முடியாது.

அவர்களுக்குச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. உரிமம் உடையவர் நேரடியாக உடனிருந்து மேற்பார்வை செய்யும்போது, சட்டப்படியான நோக்கத்துக்காகவும் பாதுகாப்பாகவும் வேறொருவர் அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். உடனிருப்பது என்றால் பக்கத்தில் நிற்பது. தோட்டத்தின் மறுகோடியில் வண்டியில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பது அதில் சேராது. நீங்கள் இந்த நிலையில் இருந்தால் ஸ்கோப் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் கருவியை மட்டும் வாங்குங்கள். துப்பாக்கி முதலாளியுடையதாகவே இருக்கட்டும்.

குடிமக்களும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் முதலில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் சட்ட அறிவுத் தேர்வையும் ரைபிள் கையாளும் தேர்வையும் எழுத வேண்டும். பிறகு தாம் வசிக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் துப்பாக்கிப் பொறுப்பு அதிகாரியிடம் நேரில் சென்று தகுதிச் சான்றிதழுக்கும் உரிமத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை அல்லது நிரந்தர வதிவிட அனுமதியின் நகல், பயிற்சிச் சான்றிதழ், புகைப்படங்கள், முகவரிச் சான்று, தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் (எஸ்ஏபிஎஸ்) 953 தரத்தில் உள்ள இரும்புப் பெட்டகம் இருப்பதற்கான ஆதாரம், எதற்காகத் துப்பாக்கி தேவை என்று விளக்கும் கடிதம் ஆகியவை கையில் இருக்கட்டும். விரல் ரேகையும் எடுப்பார்கள். விளக்கக் கடிதத்தோடு, தம் நிலத்தில் பன்றிச் சேதம் இருப்பதாகவும் உங்களை வேட்டைக்கு அனுமதிப்பதாகவும் நில உரிமையாளர் எழுதித் தந்த தாளையும் இணைத்தால் விண்ணப்பம் வலுப்பெறும்.

எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்களுக்கு 15ஆம் பிரிவும், அங்கீகாரம் பெற்ற வேட்டைச் சங்கத்தில் உறுப்பினராகி முறையாக வேட்டையாடுகிறவர்களுக்கு 16ஆம் பிரிவும் பொருந்தும். இரண்டிலும் உரிமம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். தற்காப்புக்கான 13ஆம் பிரிவின் உரிமம் 5 ஆண்டுகளுக்குத்தான். உரிமம் காலாவதியாவதற்கு 90 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதை நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள், ஏனென்றால் அந்தத் தேதியைத் தவறவிட்டால் நல்ல ஸ்கோப்போடு சேர்த்துத் துப்பாக்கியையும் இழக்கும் நிலை வரும்.

அரசுக் கட்டணங்கள் சிறியவை. பயிற்சிக்கும் பெட்டகத்துக்கும்தான் ஆயிரக்கணக்கில் செலவாகும். சான்றிதழும் உரிமமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பு வீணல்ல. இரண்டாம், மூன்றாம் படிகளை அப்போது முடித்துவிடலாம்.

2. நிலத்துக்கும் விலங்குக்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

இங்கே வேட்டைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. குவாசூலு-நட்டாலில் 1974ஆம் ஆண்டின் 15ஆம் எண் இயற்கைப் பாதுகாப்பு ஆணை நடைமுறையில் இருக்கிறது. அனுமதிகளை எசெம்வெலோ வனவிலங்கு நிறுவனம் வழங்குகிறது. லிம்போபோவுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம், ம்புமலாங்காவுக்கு 1998ஆம் ஆண்டின் சட்டம், வடக்கு கேப்புக்கு 2009ஆம் ஆண்டின் சட்டம் என்று தனித்தனியாக உண்டு. எனவே ஜொகனஸ்பர்க்கில் இருக்கும் நண்பர் "இங்கே பெர்மிட் கேட்பதில்லை" என்று சொன்னால் அது அவருடைய இடத்துக்கு உண்மையாக இருக்கலாம், உங்கள் இடத்துக்குச் செல்லாமல் போகலாம்.

பொதுவாக இரவில் வேட்டையாடுவதும் செயற்கை விளக்கைப் பயன்படுத்துவதும் கட்டுப்படுத்தப்பட்ட செயல்கள். பயிருக்கோ கால்நடைக்கோ சேதம் விளைவிக்கும் விலங்கைக் கட்டுப்படுத்துவது என்ற நோக்கில்தான் விலக்கு கிடைக்கிறது. ஆகவே எசெம்வெலோவின் மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்த நிலம், எந்த விலங்கு, எவ்வகைச் சேதம், எந்த மாதங்கள், தெர்மல் அல்லது இன்ஃப்ராரெட் கருவி பயன்படுத்தப்படும் என்ற விவரம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். சேதமடைந்த கரும்பு வரிசைகளின் படத்தையும் தேதியோடு இணையுங்கள். கருவியின் வகையைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு, பிறகு ரோந்து அதிகாரி கேட்கும்போது வாயால் விளக்கிக்கொண்டிருப்பது நல்லதல்ல. பதிலும் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் "பரவாயில்லை" என்ற சொல்லை யாரிடமும் காட்ட முடியாது.

நில உரிமையாளரின் அனுமதியும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அவர் பெயர், நிலத்தின் பெயர், செல்லுபடியாகும் காலம், எந்தெந்த விலங்குகள், இரவு நேரம் உட்பட என்ற சொற்கள், கையொப்பம் ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தாள் போதும். கரும்பு நிலங்களுக்கு நடுவே எல்லைக் கல் தெரியாத இடங்கள் உண்டு என்பதால், பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஒரு தாள் வாங்கி வைப்பது நல்லது. காயம்பட்ட பன்றி எல்லையைப் பார்த்து ஓடாது.

அழிவின் விளிம்பில் உள்ள, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுக்கு 2007ஆம் ஆண்டின் தேசிய விதிகள் தனியாக இருக்கின்றன. செர்வல் பூனை, ஒரிபி மான், மலைப்பாம்பு முதலியவை அந்தப் பட்டியலில் உள்ளன, மூன்றுமே நம் மாகாணத்தில் வாழ்கின்றன. இதை நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது இதுவே தீர்மானிக்கும்.

3. சுடப்போகும் தூரத்தை அளந்து எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய, செலவே இல்லாத, ஆனால் பெரும்பாலானவர்கள் செய்யாத வேலை இது. பகலில் தோட்டத்துக்குப் போய், நீங்கள் உட்காரப் போகும் இடத்திலிருந்து பன்றி வெளிவரும் இடம் வரை அடியெடுத்து வைத்து அளந்து பாருங்கள். கரும்புக்குள் எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. தெர்மல் இலைகளை ஊடுருவும் என்பது வெறும் பேச்சு. இலைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதன் வழியாக உடல் வெப்பம் கீற்றாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே சுடுவது கரும்புப் பாத்திகளுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் தீத்தடுப்புப் பாதையில்தான் நடக்கும். அங்கே தூரம் பெரும்பாலும் 40 முதல் 100 மீட்டர் வரைதான்.

மாறாக, ட்ராகன்ஸ்பர்க் அடிவாரத்தில் அண்டர்பர்க் பக்கம் ஆட்டுப்பண்ணையில் கருமுதுகு நரியைச் சுடப் போகிறவருக்குத் திறந்த புல்வெளியில் 150 மீட்டரும் அதற்கு மேலும் தேவைப்படலாம். இந்த இருவருக்கும் ஒரே ஸ்கோப்பைப் பரிந்துரைக்கும் கடைக்காரர் தம்மிடம் இருக்கும் சரக்கைப் பற்றிப் பேசுகிறார், உங்கள் தேவையைப் பற்றி அல்ல.

தூரத்தோடு குண்டு போய்ச் சேரும் மண்மேட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மண் இல்லாத திசைகளில் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். தெர்மல் திரையில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரிவதால் இரவில் அதைக் கணிக்க முடியாது. தொழிலாளர் குடியிருப்பு, பம்பு அறை, காவலர் நடமாடும் பாதை ஆகியவற்றையும் அதே தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

4. தேடுவதற்கு ஒரு கருவி, சுடுவதற்கு இன்னொன்று

சந்தையில் இருப்பவை மூன்று வகை. ஒளியைப் பெருக்கும் குழாய்க் கருவிகள் முதல் வகை. இவை ராணுவத்தில் பிறந்தவை. நல்ல தலைமுறைக் குழாய்கள் விலை மிக அதிகம், பகல் வெளிச்சத்தில் கெட்டுப்போகும், நாடு விட்டு நாடு கொண்டுபோவதில் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் உண்டு. வேட்டைக்கு இவற்றை மறந்துவிடலாம்.

டிஜிட்டல் நைட் விஷன் இரண்டாம் வகை. கேமரா உணரியும், அதோடு சேர்ந்த இன்ஃப்ராரெட் விளக்கும் கொண்டது. விளக்கு 850 நானோமீட்டரில் இருந்தால் தூரம் அதிகம், ஆனால் நேரே பார்ப்பவருக்கு மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும்; 940 நானோமீட்டரில் இருந்தால் அது தெரியாது, தூரமும் குறையும். பன்றிக்கு 850 போதும். ஏற்கெனவே சுடப்பட்டுத் தப்பிய நரி அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தே திரும்பிப் போகும் என்று ஆட்டுப்பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். இந்த வகையின் பெரிய நன்மை, விலங்கை விலங்காகவே காட்டுவது: காது, கொம்பு, வால், கண்ணின் ஒளிர்வு எல்லாம் தெரியும். குறை, அருகிலிருக்கும் புல்லும் கரும்புத் தோகையும் விளக்கின் ஒளியைத் திருப்பியடித்துத் திரையை வெள்ளையாக்கிவிடும், மூடுபனியிலும் அப்படியே.

தெர்மல் மூன்றாம் வகை. விளக்கு வேண்டாம்; உடல் வெப்பத்தைப் படமாக்குகிறது. விலங்கு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் இதற்கு இணை கிடையாது. என்ன விலங்கு என்று சொல்வதில் மற்ற வகையைவிடப் பின்தங்கியது.

இதிலிருந்து என் பரிந்துரை தெளிவாகிறது. பணம் ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் கையில் பிடிக்கும் தெர்மல் மானோகுலரை முதலில் வாங்குங்கள். அடுத்து, சுடுவதற்கு டிஜிட்டல் ஸ்கோப் வாங்குங்கள். நல்ல தெர்மல் ஸ்கோப் ஒன்று வாங்கும் பணத்தில் பல நேரம் இந்த இரண்டும் வந்துவிடும். விலையைவிட முக்கியமான காரணமும் உண்டு: ஸ்கோப் மட்டும் வைத்திருப்பவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குத் துப்பாக்கியையே சுழற்ற வேண்டியிருக்கிறது. நீர்ப்பாய்ச்ச வந்த தொழிலாளியை, வேலியோரம் நடக்கும் காவலரை, பக்கத்து வீட்டு நாயை அவர் துப்பாக்கி முனை வழியாகப் பார்க்கிறார். அதை எந்த நிலையிலும் நியாயப்படுத்த முடியாது.

5. தெர்மலின் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெட்டியின் மேல் 1,800 மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது மனிதன் அளவுள்ள ஒரு பொருள் திரையில் புள்ளியாகத் தெரியத் தொடங்கும் தூரம். வேட்டைக்காரருக்கு வேண்டியது புள்ளி தெரியும் தூரம் அல்ல, அந்தப் புள்ளி பன்றியா கன்றுக்குட்டியா என்று சொல்லும் தூரம். அதை நீங்களே கணக்கிடலாம், கணக்கு எளிது.

உணரியின் பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது கிடைக்கும். இன்றைய கருவிகளில் பிக்சல் பெரும்பாலும் 12 மைக்ரான். 25 மில்லிமீட்டர் லென்ஸில் 100 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் 4.8 சென்டிமீட்டரைப் பிடிக்கும். 35 மில்லிமீட்டரில் 3.4, 50 மில்லிமீட்டரில் 2.4. விலங்கின் தோள் உயரத்தில் 12 பிக்சலாவது விழுந்தால்தான் அது இன்ன விலங்கு என்று தீர்மானிக்கலாம் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு. சுமார் 70 சென்டிமீட்டர் உயரமுள்ள பன்றிக்கு அந்த வரம்பு 25 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 120 மீட்டர், 35இல் 170, 50இல் 240. சுமார் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள நரிக்கோ அதே லென்ஸ்களில் 70, 97, 139 மீட்டர்தான். நரிக்கும் செர்வலுக்கும் இடையில், நரிக்கும் கரையான் தின்னும் ஆர்ட்வுல்ஃபுக்கும் இடையில் வேறுபாடு காண வேண்டியவர் 25 மில்லிமீட்டர் லென்ஸோடு புல்வெளிக்குப் போகக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அடுத்தது 256, 384, 640 என்ற எண்கள். உணரியின் அகலத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதை இவை சொல்கின்றன. பிக்சல் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால் 384 உணரியும் 640 உணரியும் விலங்கின் மேல் ஒரே எண்ணிக்கையிலான பிக்சல்களைத்தான் போடுகின்றன. 640 காட்டுவது அகலமான காட்சி. 35 மில்லிமீட்டர் லென்ஸில் 100 மீட்டர் தொலைவில் 384 ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தைக் காட்டும், 640 ஏறத்தாழ 22 மீட்டரைக் காட்டும். கூட்டமாக வரும் பன்றிகளில் குட்டிகளுடன் இருக்கும் தாயை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்க அகலம் மிகவும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் 640 வாங்கினால் இரு மடங்கு தூரத்தில் அடையாளம் தெரியும் என்று நம்பிப் பணம் கட்டுவது தவறான கணக்கு. 256 உணரியில் 25 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் அகலம் 12 மீட்டருக்குச் சுருங்கிவிடும்; பாதையோரத்தில் உட்கார்ந்து சுடுபவருக்கு அது போதும். மலிவாகக் கழித்துவிடும் பழைய சரக்கில் பிக்சல் 17 மைக்ரானாக இருக்கும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் என்று பார்த்து வாங்கினால், அது கிட்டத்தட்ட புதிய கருவியின் 25 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் விவரத்தைத்தான் தரும்.

வெப்ப நுண்ணுணர்வு, அதாவது கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய வெப்ப வேறுபாடு, மில்லிகெல்வினில் சொல்லப்படுகிறது. எண் சிறியதாக இருந்தால் நல்லது. கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள் மற்ற எந்த எண்ணையும்விட இதைக் கவனிக்க வேண்டும். டொங்காட்டில் கோடை இரவில் மண்ணும் இலையும் விலங்கும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், மழை பெய்து ஓய்ந்ததும் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அங்கே 25 மில்லிகெல்வினுக்குக் கீழ் உள்ள கருவிக்கும் 40 உள்ளதற்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆடி மாதத்துக் குளிரில், மாகாணத்தின் உட்பகுதியில் உறைபனி விழும் மிட்லண்ட்ஸ் புல்வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்; அந்த இடத்தில் சோதித்துப் பார்த்தவர் சொல்வதைக் கேட்டுக் கடற்கரைக்காரர் வாங்கக்கூடாது. சில நிறுவனங்கள் உணரியின் எண்ணையும், சில முழுக் கருவியின் எண்ணையும் தருகின்றன என்பதால் எது என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

படம் புதுப்பிக்கப்படும் வேகம் 50 ஹெர்ட்ஸாவது இருக்கட்டும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காக 9 ஹெர்ட்ஸில் விற்கப்படும் கருவிகளில் ஓடும் விலங்கு விட்டுவிட்டுத் தாவுவது போலத் தெரியும். டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்பதைப் பார்க்கவே வேண்டாம். அது இருக்கும் பிக்சலைப் பெரிதாக்குகிறதே தவிரப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அடிப்படை உருப்பெருக்கம் கரும்புத் தோட்டத்துக்கு 2 மடங்கு அளவில் இருந்தால் வசதி. லேசர் தூரமானிக்குக் கூடுதலாகப் பணம் தரலாம், ஏனென்றால் தெர்மல் திரையில் 60 மீட்டரும் 160 மீட்டரும் கண்ணுக்கு வேறுபடாது.

6. உங்கள் துப்பாக்கியில் பொருந்துமா என்று பாருங்கள்

30 மில்லிமீட்டர் குழாய் வடிவில் வரும் ஸ்கோப்புகள் சாதாரண வளையங்களில் உட்காரும். மற்றவற்றுக்கு பிக்காட்டினி தண்டவாளம் (துப்பாக்கியின் மேல் பொருத்தும், குறுக்கே பள்ளங்கள் வெட்டிய உலோகப் பட்டை) தேவை. எந்த காலிபர் (தோட்டாவின் அளவு) வரையிலான உதைப்பைத் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். பகல் ஸ்கோப்பின் பின்னால் மாட்டும் மலிவான டிஜிட்டல் கருவிகளில் இரண்டு சிக்கல்கள் உண்டு: கண் பின்னுக்குத் தள்ளப்படுவதால் துப்பாக்கி தோளில் சரியாக உட்காராது, உதைப்பில் கருவி புருவத்தில் இடிக்கும், மேலும் பகல் ஸ்கோப்பில் தூரத்துக்கேற்பத் தெளிவைத் திருத்தும் பக்கத் திருகு இல்லையென்றால் படம் மங்கலாகவே இருக்கும். .223 போன்ற மெல்லிய உதைப்புக்கு இவை சரி, .308க்கு வேண்டாம்.

பேட்டரி 18650 போலக் கடையில் கிடைக்கும் வகையாக இருந்தால் நல்லது. மலையடிவாரக் குளிரில் அது அறிவித்த நேரத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். ஒன்றைச் சட்டைப் பைக்குள் சூடாக வைத்திருங்கள்.

7. விலை, பில், உத்தரவாதம்

விலை ரேண்டின் மாற்று விகிதத்தோடு ஏறி இறங்கும். ஒரு பொது அளவுக்காக மட்டும் சொல்கிறேன். டிஜிட்டல் கருவிகள் 10,000 ரேண்டைச் சுற்றித் தொடங்குகின்றன. பயன்படத் தகுந்த தெர்மல் 20,000 ரேண்டுக்குக் கீழே கிடைப்பது அரிது. 384 உணரி அதைவிடக் கணிசமாகக் கூடும். 640 உணரி 50,000 ரேண்டைத் தாண்டும். லிதுவேனியாவின் பல்சர், சீனாவின் ஹிக்மைக்ரோ, இன்ஃபிரே, பார்ட் ஆகியவை இங்கே பரவலாகப் பேசப்படும் பெயர்கள். பெயரைவிட, பழுது பார்க்கும் இடம் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தப் பொருளில் அது லாபமில்லை. பயணி கொண்டுவரும் பொருளில் 5,000 ரேண்ட் வரைதான் தீர்வையில்லை. அதற்கு மேல் 20,000 ரேண்ட் வரை 20 விழுக்காடு கட்ட வேண்டும். கூரியரில் வந்தால் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேரும். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்குள்ள முகவர் உத்தரவாதம் தர மறுப்பார். அதோடு இது பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள். கேட்டவருக்குத் தெரியாமலேயே உறவினர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்.

இங்கே வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தந்து பழுது நீக்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தால் 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் பொருள் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரும் உரிமையையும் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆகவே பில்லில் கருவியின் முழுப்பெயரும் வரிசை எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே பில்லைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் ஸ்கோப்பைத் தனிப் பொருளாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் தானாக அடங்கும் என்று எண்ண வேண்டாம்.

கடைக்குள் சோதிப்பதில் பயனில்லை. ஐந்து மீட்டரில் எல்லாத் தெர்மலும் அழகாகத்தான் தெரியும்; கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்க்கலாம் என்றால் அந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி சுவர்தான். வண்டியின் முன்கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது என்பதும் இதனால்தான். இருட்டிய பிறகு கடைக்கு வெளியே பார்க்க அனுமதிக்கும் வியாபாரியிடம் சில நூறு ரேண்ட் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

8. ஜீரோ செய்தல்

ஜீரோ செய்வது என்றால், குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. காகித இலக்கு தெர்மலில் தெரியாது. இலக்கின் நடுவில் கை சூடாக்கும் பொட்டலத்தை ஒட்டலாம், அல்லது அலுமினியத் தாளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டலாம். தாள் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கரும்புள்ளியாகத் தெரியும். கரும்புப் பாதைக்கு 50 மீட்டரிலும் புல்வெளிக்கு 100 மீட்டரிலும் ஜீரோ செய்யுங்கள். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள், மூடி போட்டிருந்தால் தவிர. உணரி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

9. முதல் இரவுக்கு முன்னும் அன்றும்

முதல் சில இரவுகளில் துப்பாக்கியைப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு மானோகுலரோடு மட்டும் போய் உட்காருங்கள். டைக்கர் மான், நாய், முள்ளம்பன்றி, கன்றுக்குட்டி ஆகியவை நடக்கும் விதத்தைத் திரையில் பழகுங்கள். தெர்மலில் நிறமில்லை என்பதால் உருவமும் நடையும்தான் அடையாளம். பன்றி தலையைத் தாழ்த்தி, மூக்கால் கிளறியபடி, பெரும்பாலும் கூட்டமாக வரும். ஆர்ட்வுல்ஃபின் முதுகு பின்னோக்கிச் சரிந்திருக்கும். செர்வலுக்குக் காலும் காதும் நீளம். பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள். திரும்பாவிட்டால் அன்றைக்குச் சுட வேண்டாம்.

சுடப் போகும் நாளில் மாலையிலேயே பண்ணைக் காவல் குழுவுக்கும், பக்கத்து நிலத்துக்காரருக்கும், தோட்டத்துத் தொழிலாளர் தலைவருக்கும் இடத்தையும் நேரத்தையும் செய்தியாக அனுப்புங்கள். வடகடற்கரையில் இரவில் வெடிச்சத்தம் கேட்டால் கொள்ளை என்றுதான் முதலில் நினைப்பார்கள், ஆயுதமேந்திய ரோந்து வண்டி உங்களை நோக்கி வரும். உரிம அட்டை, நில உரிமையாளரின் தாள், எசெம்வெலோவின் பதில் ஆகிய மூன்றின் அசலும் வண்டியில் இருக்கட்டும். பொதுச் சாலையிலிருந்து சுடுவதும், மது அருந்திய நிலையில் துப்பாக்கியைத் தொடுவதும் உரிமத்தையே இழக்க வைக்கும் குற்றங்கள்.

காலக் கணக்கைப் பொறுத்தவரை, கரும்பு வெட்டு ஏப்ரலில் தொடங்கி ஆண்டு முடிவு வரை நடக்கும் நம் பகுதியில், வெட்டிய பாத்திகளுக்கு நடுவே மிஞ்சிய கரும்பில் பன்றிகள் ஒதுங்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் பார்ப்பதற்கும் சுடுவதற்கும் எளிதானவை; குளிரால் தெர்மலும் நன்றாக வேலை செய்யும். புரட்டாசி விரதம் தொடங்கும் முன் இதையெல்லாம் முடித்துவிட விரும்பும் குடும்பங்களுக்கும் அந்த மாதங்களே ஒத்துவரும். அதற்கு முந்தைய ஆண்டின் ஜூன் மாதத்திலேயே பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, உரிம விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே மானோகுலரை வாங்கிப் பழகி, ஸ்கோப்பை உரிமம் கைக்கு வந்த வாரத்தில் வாங்குங்கள். அப்படிச் செய்தால் 6 மாத உத்தரவாதக் காலம் கருவி பெட்டிக்குள் கிடக்கும்போது கரைந்துவிடாமல், நீங்கள் அதைப் பயன்படுத்தும் இரவுகளில் செல்லும்.